இரண்டாவது தாழ்ப்பாள்

கலியாணம் முடிந்து முப்பத்தாறு நாள் அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய பிறகும், வீட்டின் நடுக்கதவுக்கு மறுபக்கம் என்ன நிறம் பூசியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் பச்சை. மறுபக்கமும் பச்சையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தில் என் மாமி இருந்தார்.

எங்கள் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். அவளைப் பெற்றவர்கள் கொஞ்ச நாள் அதே வீட்டின் பின்பாதியில் ஒதுங்கி இருப்பார்கள். அடுத்த மகளுக்காகக் கட்டுகிற வீடு ஆள் இருக்கத் தக்கதானதும் அங்கே போய்விடுவார்கள். எப்போது போவோம் என்று அவர்களும் சொல்வதில்லை, எப்போது போவீர்கள் என்று மருமகனும் கேட்பதில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும். அதனால் கேட்க விரும்புகிற மருமகன்மார் வேறு விதமாகக் கேட்பார்கள். ஒருவர் வெயில் படுகிறது என்று சொல்லி மாமனார் உட்காருகிற சாய்மனைக் கதிரையை விறாந்தையின் கோடிக்கு நகர்த்தினார். இன்னொருவர் மாமி நட்ட முருங்கையை வெட்டினார். இரண்டு வீட்டிலும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே பெரியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊரார் எழுத்து வாசிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர் அல்லர். கதிரையை நன்றாக வாசிப்பார்கள்.

எழுத்து விஷயத்தில் நானும் பெருமைப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அதன்பிறகு பதுளையில் ஒரு தேத்தண்ணிக்கடையில் கோப்பை கழுவினேன். புத்தளத்தில் உப்பு அள்ளினேன். அங்கே காலில் புண் வந்தால் அது ஆறுவதற்கு ஊரை மாற்ற வேண்டும், மாற்றினேன். கல்லோயாவுக்கு அணை கட்டிய காலத்தில் இங்கினியாகலையில் கல் சுமந்தேன். இடது கைப் பெருவிரல் நகம் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது. சாகாமத்தில் ஒரு போகம் நெற்கதிரைப் பரப்பிச் சூடு மிதிக்கிற மாடுகளுக்குப் பின்னால் வட்டம் சுற்றினேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. கட்டிப்போட்டால் நிற்பான் என்று எனக்கு மூத்த ராத்தா கல்முனைக்குடியில் தூரத்து உறவில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். ஓடுகிறவனுக்கு எப்படி வீட்டோடு பெண் கொடுத்தார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதைக் கேட்கவும் ஆள் இல்லை. ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் என்னோடு கதைக்கவில்லை.

மரியாதையால்தான். மாமி மருமகனின் கண்ணில் படக் கூடாது, அவன் காதில் அவருடைய குரல் விழக் கூடாது. மாமா கதைப்பார், ஆனால் என்னிடம் அல்ல. சுவரைப் பார்த்து, “மருமகன் சாப்பிட்டாராமா?” என்று கேட்பார். நான் சுவருக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். “சாப்பிட்டாராம்” என்று எங்கிருந்தோ பதில் வரும். அது உண்மையாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை புதிதாக இருக்கும் மட்டும் முட்டையும் கோழியும் நெய்ச்சோறும் தருவார்கள். ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள். தண்ணீர்ச் செம்பைக் கூட நான் தூக்கக் கூடாது. பத்து வயதிலிருந்து எதையாவது தூக்கியே சாப்பிட்டவனுக்கு அது ஒரு தண்டனை என்று அவர்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். என் மனைவியின் குரலை நான் கேட்டதில்லை.

அவள் ஊமை அல்ல. நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் போனால் சிரிப்பதும் தங்கச்சிமாரை ஏசுவதும் ஒரு கலவையாக வந்து காதில் விழும். எது அவளுடைய குரல் என்று பிரித்தெடுக்க முடியாது. எங்கள் அறைக்குள் வந்தால் “ஓம்” என்பாள், “இல்ல” என்பாள், அதுவும் மூச்சோடு. காரணம் அறைக்கதவு. அது மாமியின் கலியாணத்துக்கு அவருடைய வாப்பா கட்டிய வீடு. மாமி புதுப்பெண்ணாக இருந்தபோது பூட்டிய பித்தளைத் தாழ்ப்பாள்தான் எங்கள் அறைக்கதவில் இன்னும் இருந்தது. இருபது வருடத்தில் அதன் கம்பி தேய்ந்து மெலிந்துவிட்டது. அது போய் விழ வேண்டிய நிலைத்துளை பெருத்து ஒரு வாத்து முட்டை போகிற அளவாகிவிட்டது. கம்பியைத் தள்ளிவிட்டு ஒரு தென்னோலை ஈர்க்குக் கட்டைத் துளைக்குள் திணிப்போம். அது கச்சான் காற்று அடிக்கிற மாதம். மேற்கே வயல் பக்கமிருந்து ஒரு வீச்சு வரும், கட்டு கீழே விழும், கதவு தானாகத் திறந்து சுவரில் போய் இடிக்கும்.

அந்த நேரம் பார்த்து மாமி மண்டபத்தில் நிற்பார். நெல்லுப் பெட்டியும் அலுமாரியும் மண்டபத்தில் இருந்தன. நான் அறைக்குள் இருக்கிறேன் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டுதான் அவர் வருவார். கதவு திறந்ததும் சுளகோடு ஓடுவார். நாற்பது வயதுப் பெண்மணி தன் சொந்த வீட்டில், தன் வாப்பா கட்டிய மண்டபத்தில், அரிசி சிந்தச் சிந்த ஓடுவார். நான் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வேன். என் மனைவி முக்காட்டை வாயில் வைத்துக் கடிப்பாள். பிறகு அன்று முழுவதும் “ஓம்” கூட வராது.

அறையை விட்டு வெளியே வரும்போது இருமிவிட்டு வர வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இருமினேன். கதவு திறந்துகொள்ளும்போதெல்லாம் முன்ஜாக்கிரதையாக இருமினேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை வந்திருக்கும். நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் எனக்குக் கொத்தமல்லிக் கசாயம் வந்தது. மாமி கொடுத்தனுப்பியது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

தச்சு வேலை செய்கிற ஓர் ஓடாவியைக் கூப்பிட்டு ஒரு புதுத் தாழ்ப்பாள் போட்டால் முடிகிற காரியம். ஒருநாள் மனைவியிடம் கேட்டேன். அவள் கதவைப் பார்த்தபடி, மூச்சோடு சொன்னாள்: “புது மாப்பிள்ளைட அறைக்கு வாப்பா எப்பிடித் தாழ்ப்பாள் போடுவிக்கிற? ஊரு என்ன செல்லும்?”

அதுதான் அவள் என்னோடு கதைத்த மிக நீண்ட கதை. நன்றாகத்தான் இருந்தது.

அறுவடை முடியுமட்டும் பார்ப்பது என்று தீர்மானித்தேன். அதற்குள் அவள் என்னோடு மனிதரைப் போலக் கதைத்தால் இருப்பேன். இல்லாவிட்டால் பதுளைக்குப் போகிற லொறியில் ஏறிவிடுவேன். இதை நான் கோபத்தோடு நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு லொறி ஏறுவது தும்முவது மாதிரி. மாமாவுக்குச் சவளக்கடையில் வயல். கதிர் அரிந்து முடித்து, சூடு அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு ஒரு கிழமையோ பத்து நாளோதான் இருந்தது.

ஆகவே கல்முனைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மாமாவோடு பள்ளியில் ஒரே வரிசையில் நின்று தொழுகிறவர்.

“தாழ்ப்பாள் இரிக்கா, காக்கா?”

“எந்தக் கதவுக்கு?”

“ஊட்டுக் கதவுக்கு.”

“ஊட்டுல கனக்கக் கதவு இரிக்குமே மாப்பிள்ள. வெளிக்கதவெண்டா முழ நீளத்துல இரிக்கி. உள்கதவெண்டா சின்னன்.”

“சின்னன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தின?”

“ஒண்டு.”

அவர் குரலைத் தணித்தார். “ஒண்டு வாங்கினா அது எந்தக் கதவுக்கெண்டு சின்னப் புள்ளைக்கும் விளங்கும். ரெண்டா வாங்குங்க. ஊட்டு வேலையாக்கும் எண்டு நினைப்பாங்க.”

அப்போது கடையில் நின்றவர்கள் ஆணி வாங்க வந்த ஒரு கிழவரும் அவருடைய ஆடும் மட்டும்தான். ஆனாலும் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. இரண்டு வாங்கினேன்.

கிழவர் ஆட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு அறைக்கு ரெண்டு தாழ்ப்பாளா? நல்ல வெக்கமுள்ள புள்ளதான்.”

இரண்டு பித்தளைத் தாழ்ப்பாளையும் திருகாணிப் பொட்டலத்தையும் சாரன் மடியில் முடிந்துகொண்டு சைக்கிளில் வந்தேன். கடற்கரையில் தோணி செய்கிற ஓர் ஓடாவியிடம் உளி, துளைபோடுகிற துறப்பணம், திருகாணி முறுக்குகிற திருப்புளி மூன்றையும் இரவல் கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்டார். சிநேகிதனுக்கு என்றேன். இங்கினியாகலையில் தொழிலாளர் கொட்டில்களுக்குக் கதவு போட்ட காலத்தில் தச்சனுக்குப் பலகை பிடித்து நின்றிருக்கிறேன். வேலை எனக்குத் தெரியும். வேலை செய்ய ஒரு பகல் வீடு வெறுமையாகக் கிடைத்தால் போதும்.

மூன்றாம் நாள் கிடைத்தது. நான்கு வளவு தள்ளி ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள். மாமியும் என் மனைவியும் தங்கச்சிமாரும் காலையிலேயே போய்விட்டார்கள். எங்கள் பெண்கள் தெருவால் போகமாட்டார்கள். வளவுக்கு வளவு வேலியில் விட்டிருக்கிற கடப்பால் நுழைந்து நுழைந்து ஊரின் கடைசி வரைக்கும் போய்விடுவார்கள். ஆகவே பின்பக்கத்தால் போனார்கள். போகுமுன் நடுக்கதவை அந்தப் பக்கமிருந்து உலக்கை கொடுத்து அடைத்துவிட்டார்கள். அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருகாலத்தில் இருந்த மரத்தாங்கியைக் கறையான் தின்றுவிட்டதாகக் கேள்வி. ஆண்கள் யாராவது வந்தால் மாமி ஓடிவந்து உலக்கையை முட்டுக் கொடுப்பார். மாமா சவளக்கடைக் களத்தில்.

அறைக்கதவில் தொடங்கினேன். இருபது வருடத்துத் திருகாணிகள். தலையில் வெட்டு இல்லை, எல்லாம் வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தன. உளியால் புது வெட்டு வெட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. கதவு முதிரை மரம். கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் என்னவென்றால் கல்லை வெடி வைத்து உடைக்கலாம். நிலையில் இருந்த பழைய துளைக்குள் ஒரு மரத்துண்டைச் செதுக்கி அடித்து இறுக்கி, அதில் புதுத் துளை போட்டேன். தாழ்ப்பாளைத் தள்ளினேன். டக் என்று போய் உட்கார்ந்தது. கதவைத் தோளால் இடித்துப் பார்த்தேன். அசையவில்லை. அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு செமித்தது அன்றுதான்.

மடியில் இரண்டாவது தாழ்ப்பாள் கிடந்தது. வீட்டு வேலைக்கு என்று வாங்கியதை வீட்டில் எங்காவது பூட்டத்தானே வேண்டும். நடுக்கதவைப் பார்த்தேன். பாவம், மாமி எத்தனை தரம் உலக்கையைத் தூக்குவது. ஒரு நன்மை செய்வோம் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் அந்த எண்ணம் வந்த சமயங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தால் லொறி ஏறியதே மேல் என்று படும்.

எந்தப் பக்கம் பூட்டுவது என்ற கேள்வி எனக்கு வரவேயில்லை. மனிதன் தான் நிற்கிற பக்கத்தில்தான் திருகாணி முறுக்க முடியும். கதவு அந்தப் பக்கம் அடைத்திருந்தது. அடைக்காவிட்டாலும், பெண்கள் புழங்குகிற பகுதிக்குள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் நான் கால் வைக்கலாமா. மரியாதை தெரிந்தவனாக மண்டபத்தில் நின்றே வேலையை முடித்தேன். இந்தத் தாழ்ப்பாள் அறைக்கதவில் இருந்ததை விட வடிவாக வந்தது. பூட்டிப் பார்த்தேன், அழுத்தமாகப் பிடித்தது. மரத்தூளைக் கூட்டி அள்ளி வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு, நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். நடுக்கதவைப் பூட்டியபடியே விட்டுப் போனேன். உபகாரம் செய்த மனிதனுக்கு வருகிற பசியோடு, தொழுகை முடிந்து தேத்தண்ணிக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது மண்டபத்தின் நடுவில் ஒரு பெண் நின்றாள். தெருக்கதவு ஆவென்று திறந்திருந்தது. முக்காடு தோளில் கிடந்தது. என் மனைவிதான். தெருவால், பட்டப்பகலில், நான்கு வீட்டு ஆண்கள் பார்க்க, சுற்றிக்கொண்டு முன்வாசலால் வந்திருக்கிறாள்.

“எங்கட உம்மாவ எங்க போகச் செல்றயள்?”

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரையோ கேட்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய குரல். கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் வைத்திருக்கிற குரல் அது.

“உங்களத்தான் கேக்கிறன். செம்பு தூக்க விடாம, முட்ட அவிச்சு, கோழி அறுத்து, அவட வாப்பா கட்டின ஊட்டுல அவ பூன மாதிரிப் பதுங்கித் திரிஞ்சா. முப்பத்தாறு நாளுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுட்டயள். இன்னும் நாலு மாசம் பொறுக்க ஏலாதா? அந்த ஊட்டுக்குக் கூரையும் இல்ல.”

“நான் உம்மாவுக்குத்தான் போட்ட.”

“ஓம், உம்மாவுக்குத்தான். உம்மா உள்ளுக்கு வராமப் போட்ட.”

அப்போதுதான் நடுக்கதவைத் திரும்பிப் பார்த்தேன். மினுமினுவென்று பித்தளை. என் பக்கம். விளங்கியது. மாமி கடப்பால் வந்து, உலக்கையை எடுத்து, கதவை இழுத்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்திருப்பார். பிறகு வாசித்திருக்கிறார். கதிரையை நகர்த்திய மருமகனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு, மாமியின் முகத்துக்கு நேரே நடுக்கதவைப் பூட்டிய மருமகன் கொட்டை எழுத்து.

“நான் அந்தப் பக்கம் வரப்புடாதே,” என்றேன். “அங்கால போக ஏலாதெண்டுதான் இஞ்சால நிண்டு போட்ட. வேற எங்க நிண்டு போடுற?”

அவள் கதவைப் பார்த்தாள். நான் நின்ற இடத்தைப் பார்த்தாள். தரையில் நான் கூட்டாமல் விட்ட ஒரு திருகாணி கிடந்தது, அதையும் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நெல்லுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாழ்ப்பாள் போடாத தெருக்கதவு, பூட்டிய நடுக்கதவு, காற்று, எதையும் பார்க்கவில்லை.

“போங்க,” என்றாள் கடைசியில், “போய் வாப்பாட்டச் செல்லுங்க. உம்மா சட்டிபான எல்லாம் கொண்டு போயிட்டா.”

புது வீடு எங்கள் வளவுக்குப் பின்னால், ஒரு வேலி தள்ளி. நான்கு சுவரும் வானமும்தான். மாமா சவளக்கடையிலிருந்து நெல்லு மூட்டை ஏற்றிய வண்டியோடு அப்போதுதான் வந்து, செய்தி கேட்டு, மூட்டைகளை அந்தச் சுவர்களுக்கு நடுவே இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வண்டி மாட்டின் பக்கம் திரும்பினார்.

“மாடு,” என்றார், “நாம என்ன செய்ற. ஊடு அவங்கட. நாமதான் நேரத்துக்கு எழும்பத் தெரியாம இரிந்திட்டம். நியாயந்தானே.”

மாடு வாலால் ஈ விரட்டியது. சுவரின் மூலையில், கவிழ்த்த பானையின் மேல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளை முக்காட்டோடு ஓர் உருவம் இருந்தது. மாமியை அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் கண்டது அதுதான் முதல்.

நான் முறையை விட்டுவிட்டு மாமாவிடமே நேராகச் சொன்னேன். ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போய் இரண்டு வாங்கியது, உலக்கை, நான் நின்ற பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். அறைக்கதவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நானும் மாட்டைப் பார்த்துக்கொண்டேன்.

மாமா கையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“தாழ்ப்பாள் போட்டது ஓடாவியா, நீங்களா?”

“நான்தான் மாமா.”

“உங்கட கையாலயா?”

“ஓம்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. வீட்டை விட்டு வெளியேறியபோது கூட அவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். “ஆராச்சும் கண்டாங்களா? புது மாப்பிள்ளைய உளி புடிக்க வெச்சதெண்டு கதை போனா நான் எப்பிடிப் பள்ளிக்குப் போற?”

ஒருவரும் காணவில்லை என்றேன். இரும்புக்கடைக் கிழவரையும் ஆட்டையும் சொல்லவில்லை.

மூலையிலிருந்த முக்காடு மாமாவைக் கூப்பிட்டது. அவர் போய்க் குனிந்து கேட்டுவிட்டு வந்து, மறுபடியும் மாட்டைப் பார்த்துச் சொன்னார்: “தாழ்ப்பாள் அங்கால இரிந்து இஞ்சால வரட்டுமாம். அதுக்குப் பொறகுதான் சட்டிபான வருமாம்.”

சுலபமான காரியம். ஆனால் யார் போடுவது? ஓடாவியைக் கூப்பிட்டால் முதல் தாழ்ப்பாள் யார் போட்டது என்று கேட்பார். மாமா களத்தில் மாடு ஓட்டிச் சூடு மிதிப்பதைத் தவிர வேறு வேலை அறியாதவர். திருப்புளியை அவர் பிடித்த விதத்தைப் பார்த்ததும் அதை வாங்கி வைத்துவிட்டோம். நான் போட்டால் நான் அந்தப் பக்கம் போக வேண்டும், அது மாமி சமைக்கிற குசினியும் கிணறும். அதற்குள் குசினிக்குத் திரும்பியிருந்த மாமி வேறெங்காவது நிற்கலாமே என்று நான் சொன்னதற்கு, இன்றைக்கு ஒரு தரம் எழும்பிப் போனது போதும் என்று பதில் வந்தது. கடைசியில் மாமியே போடுவது என்று தீர்மானமானது.

நான் என் பக்கத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். கதவை ஒரு சாண் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் துறப்பணத்தையும் திருப்புளியையும் உள்ளே நீட்டினேன். ஒரு கை வாங்கியது. கதவு மூடியது. துளையைத் துறப்பணத்தால் என் மனைவி போட்டாள். நான் கதவில் தட்டி இடம் காட்டினேன். திருகாணி முறுக்க அவளுக்குக் கை பலம் போதவில்லை. மாமி திருப்புளியை வாங்கினார்.

“வலப்பக்கம் சுத்தச் செல்லு,” என்றேன் மனைவியிடம்.

அந்தப் பக்கத்தில் ஒரு குசுகுசுப்பு. மனைவி கேட்டாள்: “ஆர்ர வலப்பக்கம் எண்டு கேக்கிறா. உங்கடயா, அவடயா?”

நான் யோசித்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்துத் திருகாணியை நினைத்தால் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. “அவடதான்,” என்றேன். கொஞ்ச நேரம் முக்கல் சத்தம். முதிரை மரம் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை மறந்து கதவோடு வாயை வைத்துச் சொல்லிவிட்டேன்: “மாமி, திருகாணிக்குக் கொஞ்சம் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் தடவுங்க.”

அந்தப் பக்கம் எல்லாம் நின்றது. வண்டியை அவிழ்த்துவிட்டு முற்றத்துக்கு வந்திருந்த மாமா இருமினார்.

“சவுக்காரம் மரத்த ஊற வைக்கும்,” என்றது கதவு. அமைதியான, கொஞ்சம் அடித்தொண்டைக் குரல். “தேங்காயெண்ணதான் நல்லம்.”

“எண்ண போட்டா பொறகு கழண்டிடும் மாமி.”

“கழண்டா நான் பாத்துக்கிறன் மகன். நீங்க கதவ இறுக்கிப் புடிங்க.”

பிடித்தேன். நான்கு திருகாணியும் எண்ணெய் பூசி உள்ளே போயின. கதவில் சாய்ந்து நின்றபடி ஒவ்வொன்றும் மரத்துக்குள் இறங்குகிற இழுவையை நெஞ்சில் உணர்ந்தேன். கடைசியாக டக் என்று சத்தம் கேட்டது. அந்தப் பக்கமிருந்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்கள். திரும்பவும் திறந்தார்கள். திரும்பவும் டக். அப்படி ஏழெட்டுத் தரம். பிறகு சட்டிபானை வருகிற சத்தம் கேட்டது. என் பக்கத்தில் நான்கு துளைகள் மிஞ்சின. வருகிறவர்கள் கேட்டால் கறையான் என்று சொல்வோம்.

பின்னேர அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. என் மனைவி அறைக்குள் வந்தாள். வந்து, புதுத் தாழ்ப்பாளைத் தானே தள்ளினாள். காற்று வந்து கதவில் முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, தெருவுக்குக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

“பதுளைக்குப் போற லொறி எங்க நிப்பாட்டுற?”

எனக்குத் திடுக்கென்றது. “அது என்னத்துக்கு?”

“அறுவடைக்குப் பொறகு போகத்தானே இரிந்தயள். தூக்கத்துல அறுவடை முடிய பதுளை லொறி எண்டு செல்றயளே. ஓடுற ஆளெண்டு தெரிஞ்சுதான் நான் ஓமெண்ட. இஞ்ச வந்த மாப்பிள்ளைமார் எல்லாம் கல்முனைக்கு அங்கால போகாத ஆக்கள். நான் மருதமுனைக்கு அங்கால கண்டதில்ல. ஊரூராச் சுத்தின ஆளெண்டா கதை இரிக்குமெண்டு பாத்தா, முப்பத்தாறு நாளா இருமுறயள்.”

“கதவு பூட்டாததால நீ கதைக்கல்ல எண்டுதானே நான்…”

“ஓம். இப்ப பூட்டிட்டுதே.”

நான் மேலே பார்த்தேன். முப்பத்தாறு நாளும் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேலே பார்த்ததில்லை. அந்த வீட்டில் உட்சுவர்கள் கூரை வரை போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழத்தோடு நின்றுவிட்டன. அதற்கு மேல் மண்டபத்துக்கும் அறைக்கும் குசினிக்கும் ஒரே ஓடு, ஒரே வெளி. அந்தப் பக்கம் யாரோ வெங்காயம் வெட்டுவது தெளிவாகக் கேட்டது.

“எல்லாம் அங்கால கேக்குமே,” என்றேன்.

“கேட்டாப் பறவாயில்ல,” என்றாள். “காணத்தான் புடாது. நீங்க செல்லுங்க. இங்கினியாகலைல மலைய வெடி வெச்சு உடைப்பாங்களாமே, கண்டயளா?”

கண்டேன் என்றேன். எப்படி என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். பாறையில் துளை போடுவது, மருந்து திணிப்பது, சிவப்புக் கொடி ஆட்டுகிறவன், எல்லோரும் ஓடிப்போய்க் குப்புறப் படுப்பது. வெட்கத்தால் என் குரல் வரவர இறங்கிக்கொண்டு போனது. முன்னே பின்னே நான் யாருக்கும் கதை சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சுவருக்கு மேலால் வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது.

“புள்ள,” என்றது மாமியின் குரல், “கொஞ்சம் உரத்துச் செல்லச் செல்லு. வெடி வெச்ச பொறகு என்ன நடந்ததெண்டு கேக்குதில்ல.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மலை விழுந்த கதையை முதலிலிருந்து உரத்துச் சொன்னேன்.